மூலிகையா, நுண்ணுயிரா, நொதியா: தீவனத்தில் எதைச் சேர்ப்பது?

கால்நடை வளர்ப்பவர் முன் வந்து நிற்கும் டப்பாக்களும் மூட்டைகளும் ஒன்றிரண்டல்ல. உயிருள்ள ஈஸ்ட், லாக்டோபேசிலஸ் தூள், பூண்டுச் சாறு, ஓரிகானோ எண்ணெய், பைட்டேஸ் நொதி, ஃபார்மிக் அமிலம், டானின், கடற்பாசி, களிமண் என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றின் மேலும் 'இயற்கை' என்று அச்சிட்டிருக்கிறது. எல்லாமே பசியைத் தூண்டும், செரிமானத்தைச் சீராக்கும், நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்கின்றன. ஒன்பது பொருள்களும் ஒரே வாக்குறுதியைத் தந்தால் அந்த வாக்குறுதியை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனபின் ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. அந்த வேலை நம் விலங்குக்கு இப்போது தேவைப்படுகிறதா என்று பார்த்தால் பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

இந்தப் பொருள்களுக்கு இத்தனை மவுசு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1940களின் இறுதியில் அமெரிக்காவில், குளோர்டெட்ராசைக்ளின் என்ற மருந்தைத் தயாரித்தபின் எஞ்சும் நொதித்த கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேடியது பி12 வைட்டமினை. குஞ்சுகளோ அந்த வைட்டமினைக் கொண்டு மட்டும் விளக்க முடியாத வேகத்தில் வளர்ந்தன. கழிவில் தங்கியிருந்த ஆன்டிபயாட்டிக்தான் காரணம். அதற்குப் பிறகு நோயே இல்லாத விலங்குக்கும் தினமும் சிறிதளவு ஆன்டிபயாட்டிக் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் வேரூன்றியது. அதற்கு நாம் கொடுத்த விலை பின்னால்தான் தெரிந்தது. அவோபார்சின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த தீவனம் தின்ற கோழிகளின், பன்றிகளின் குடலில் வான்கோமைசினுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகின. மற்ற மருந்துகள் கைவிட்ட நிலையில் மனிதருக்குக் கொடுக்கும் மருந்து வான்கோமைசின். சுவீடன் 1986இல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கொடுப்பதைத் தடை செய்தது. டென்மார்க் 1995இல் அவோபார்சினை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் அந்தக் கதவை மூடியது.

தடைக்குப் பிறகு சுவீடனில் நடந்ததைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது. ஒரு மாற்றுப் பொருளைத் தீவனத்தில் கொட்டி அதைச் சரிசெய்துவிடவில்லை. குட்டிகளைத் தாயிடமிருந்து தாமதமாகப் பிரித்தார்கள், கொட்டிலை ஒவ்வொரு தொகுதிக்குப் பிறகும் காலிசெய்து கழுவினார்கள், நெரிசலைக் குறைத்தார்கள், தீவனத்தின் புரதத்தைக் குறைத்தார்கள். சேர்மானப் பொருள்கள் இவற்றுக்குத் துணையாக வந்தவை. இந்த வரிசை முறையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

முதலில் வயிற்றைப் பாருங்கள்

மாடு, எருமை, ஆடு, செம்மறி ஆகியவற்றுக்கு முதலில் இருப்பது பெருவயிறு. அது கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழும் நொதிக்கும் தொட்டி. நாம் மாட்டுக்குத் தீனி போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த நுண்ணுயிர்களுக்குப் போடுகிறோம், அவை மாட்டுக்குப் போடுகின்றன. கோழிக்கும் பன்றிக்கும் அப்படி ஒரு தொட்டி முன்னால் இல்லை. தின்றது நேராக அமிலத்துக்கும் நொதிக்கும் போகிறது. ஆகவே கோழியில் நன்றாக வேலை செய்த பொருள் மாட்டில் ஒன்றும் செய்யாமல் போகலாம், மாட்டுக்கு உதவியது கோழிக்குக் கெடுதலாகவும் ஆகலாம்.

நுண்ணுயிர்கள் எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன என்பதற்கு நான் மறக்காத ஒரு நிகழ்வு உண்டு. சுபாபுல் என்ற தீவன மரத்தின் தழையில் மிமோசின் என்ற நச்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதை நிறைய மேய்ந்த மாடுகளுக்கு முடி உதிர்ந்தது, தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவுகளின் ஆடுகளோ அதையே தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி அந்த ஆடுகளின் பெருவயிற்றில் மிமோசினிலிருந்து உண்டாகும் நச்சைச் சிதைக்கும் பாக்டீரியா இருப்பதைக் கண்டறிந்தார். அது ஆஸ்திரேலிய மாடுகளுக்குள் செலுத்தப்பட்டதும் அவையும் அந்தத் தழையைத் தாங்கின. அந்த பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயரிட்டார்கள். தழை ஒன்றுதான், வயிற்றில் குடியிருந்தவர்கள் வேறு.

கறவை மாட்டுக்கு: ஈஸ்டா, சோடா உப்பா?

நிறையப் பால் கறக்கும் மாட்டுக்கு அடர்தீவனத்தை, அதாவது தானியமும் பிண்ணாக்கும் கலந்த தீனியை, கூட்டிக்கொண்டே போகும் இடத்தில்தான் இந்தக் கேள்வி எழுகிறது. பெருவயிற்றின் அமில-கார அளவு 6க்கும் 7க்கும் நடுவில் இருக்க வேண்டும். மாவுச்சத்து வேகமாக நொதித்து அமிலம் பெருகும்போது அது 6க்குக் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் அங்கே தளர்ந்துவிடும். பல மணி நேரம் 5.6 அளவில் நின்றால் மாடு படுத்துவிடாது, ஆனால் ஒருநாள் நன்றாகத் தின்னும், மறுநாள் தீனியை விட்டு விலகும். சாணம் இளகும், பாலில் கொழுப்பு இறங்கும், சில வாரங்கள் கழித்துக் குளம்பு நோகும். கறப்பவர் குளம்பைப் பார்ப்பார், குற்றம் தீவனத் தொட்டியில் இருக்கும்.

சோடா உப்பு, அதாவது சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட்), அந்த அமிலத்தை நேரடியாக முறிக்கிறது. வளர்ந்த கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 200 கிராம் வரை கொடுப்பது வழக்கம். விளைவு விரைவாகத் தெரியும், நிறுத்தினால் விரைவாக மறையும். உயிருள்ள ஈஸ்ட் வேறு வழியில் போகிறது. தீனியோடும் தண்ணீரோடும் உள்ளே வரும் ஆக்சிஜனை அது உறிஞ்சிக்கொள்கிறது. ஆக்சிஜனைச் சகிக்காத நார்ச்செரிப்பு பாக்டீரியாக்களுக்கு அதனால் வாழ வசதி கிடைக்கிறது. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களையும் அது ஊக்குகிறது. சில கிராம் போதும், ஆனால் தினமும் கொடுக்க வேண்டும். ஈஸ்ட் பெருவயிற்றில் நிலையாகக் குடியேறுவதில்லை. பலன் தெரிய இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், அடர்தீவனம் தொடர்ந்து அதிகமாகவே இருக்கும் பண்ணைக்கு ஈஸ்ட் என்பேன். தீவனம் திடீரென்று மாறும் சில வாரங்களுக்கு, குறிப்பாகக் கன்று ஈன்றபின் அடர்தீவனத்தை ஏற்றும் காலத்துக்கு, சோடா உப்பு. ஈஸ்ட் வாங்கும்போது ஒரு கிராமில் எத்தனை கோடி உயிருள்ள செல்கள் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாராய ஆலையில் எஞ்சிய, உலர்ந்து செத்த ஈஸ்ட் நல்ல புரதம், நல்ல பி வைட்டமின். ஆனால் ஆக்சிஜன் உறிஞ்சும் வேலையை அதனால் செய்ய முடியாது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இவை இரண்டுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். நன்றாக அசைபோடும் மாடு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் உள்ள பைகார்பனேட்டைச் சோடா உப்பாகக் கணக்கிட்டால் ஒரு கிலோவைத் தாண்டும். நாம் கையால் போடும் 200 கிராம் அதன் பக்கத்தில் எவ்வளவு? மாடு அசைபோட நீளமான நார் வேண்டும். ஓய்வாகப் படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோட்டுக்கொண்டிருக்கவில்லை என்றால், முதலில் கூட்ட வேண்டியது வைக்கோலும் புல்லும்தான். மறுபக்கம், வைக்கோலும் புல்லுமே முக்கியத் தீனியாக இருந்து அடர்தீவனம் கைப்பிடி அளவே போகும் மாட்டுக்கு ஈஸ்டும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். அந்த மாட்டுக்குக் குறைவது பெரும்பாலும் புரதமும் தாது உப்பும்.

பால் மறந்த குட்டிக்கு

பன்றிக்குட்டியின் இரைப்பை பிறந்தவுடன் போதிய அமிலம் சுரப்பதில்லை. தாய்ப்பாலில் உள்ள சர்க்கரையை லாக்டோபேசிலஸ்கள் லாக்டிக் அமிலமாக்கி அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. பாலை நிறுத்தியதும் அந்த அமிலம் நின்றுபோகிறது. கூடவே தானியத் தீவனத்தின் புரதமும் சுண்ணாம்பும் இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் கட்டிப்போடுகின்றன. தடுப்புச் சுவர் இல்லாத வயிற்றில் ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா பெருகிக் குட்டி கழிகிறது. ஐரோப்பாவில் இதற்கு அதிக அளவு துத்தநாக ஆக்சைடு கொடுத்துவந்தார்கள். மண்ணில் துத்தநாகம் சேர்வதையும் மருந்தெதிர்ப்பு பெருகுவதையும் காரணம் காட்டி 2022 ஜூனுடன் அதுவும் நிறுத்தப்பட்டது.

இங்கே அங்கக அமிலங்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. ஃபார்மிக் அமிலம் வயிற்றின் அமிலத்தை உயர்த்துவதோடு நிற்பதில்லை. அமிலச் சூழலில் அது சிதையாத மூலக்கூறாகக் கிருமியின் உறையைத் தாண்டி உள்ளே நுழைகிறது, உள்ளே போய்ச் சிதைந்து கிருமியைத் திணறடிக்கிறது. பியூட்ரிக் அமிலம் குடல் சுவரின் செல்களுக்கே உணவாகிறது. அமிலத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். வாடை கடுமையாக இருக்கும், இரும்புத் தொட்டியை அரிக்கும், அளவு மீறினால் குட்டி தீனியையே ஒதுக்கும். கொழுப்புப் பூச்சு இல்லாத அமிலம் பெரும்பாலும் முன்குடலிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்துவிடும்.

ஈஸ்ட் செல்லுறையிலிருந்து எடுக்கும் மானன் சர்க்கரையை இதே நோய்க்குப் பரிந்துரைக்கிறார்கள். அதன் கருத்து அழகானது. சில கோலைகளும் சால்மோனெல்லாக்களும் குடல் சுவரில் உள்ள மானோஸ் சர்க்கரையைக் கொக்கி போட்டுப் பிடிக்கின்றன. தீவனத்திலேயே அந்தச் சர்க்கரை மிதந்தால் கொக்கி அதில் மாட்டிக்கொண்டு கிருமி சாணத்தோடு வெளியேறும். சால்மோனெல்லா தொந்தரவு உள்ள கோழிப்பண்ணையில் இது பொருத்தமான தேர்வு. ஆனால் பால் மறந்த பன்றிக்குட்டிக் கழிச்சலின் முதன்மைக் காரணமான எஃப்4 வகைக் கோலைக்கு வேறு கொக்கி. அது மானோஸைப் பிடிப்பதில்லை. எனவே பன்றிக்குட்டிக்கு அமிலத்தை முதலிலும் மானன் சர்க்கரையைப் பின்னாலும் வைப்பேன்.

பால் குடிக்கும் கன்றுக்கு லாக்டோபேசிலஸ் பொடி கழிச்சலைக் குறைக்க உதவுகிறது. சுத்தம் குறைவான, நெருக்கடியான சூழலில் பலன் கூடுதலாகத் தெரியும், ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள கன்றுகளில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீம்பால் கொடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு இப்படிப்பட்ட புரோபயாடிக் (நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்) பொடியை வாங்கிக் கொடுப்பது எனக்கு வருத்தத்தைத் தருகிறது. தாயின் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் முழுதாக உறிஞ்சுவது அந்தச் சில மணி நேரந்தான். ஒரு நாள் கடந்தால் அந்த வழி ஏறக்குறைய அடைந்துவிடுகிறது, எந்தப் பொடியும் அதைத் திறக்காது.

நொதிகள்: கணக்கு நேராக வரும் இடம்

இந்த வரிசை முழுவதிலும் முடிவு முன்கூட்டியே தெரியும் பொருள் எது என்றால் பைட்டேஸ் நொதியைச் சொல்வேன். தானியங்களிலும் பிண்ணாக்குகளிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கிறது. கோழிக்கும் பன்றிக்கும் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி போதிய அளவு இல்லை. பாஸ்பரஸ் எச்சத்தில் வீணாகிறது, வாய்க்காலிலும் குளத்திலும் கலந்து பாசியை வளர்க்கிறது. நாம் எலும்புக்காக வெளியிலிருந்து பாஸ்பேட் வாங்கிக் கலக்கிறோம். பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸ் 1991இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோ தீவனத்துக்கு 500 அலகு சேர்த்தால் பாஸ்பேட்டின் அளவைக் கணிசமாகக் குறைக்கலாம். சேர்ப்பதற்கு ஆகும் செலவைக் குறைக்கும் செலவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிகிற சேர்மானங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று. வளர்ந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் இது வேண்டாம், பெருவயிற்று நுண்ணுயிர்களே அந்த நொதியைத் தயாரிக்கின்றன.

சைலனேஸ், பீட்டா-குளுக்கனேஸ் ஆகியவை கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்கள் கலந்த கோழித் தீவனத்துக்கு உரியவை. அந்தத் தானியங்களின் நார் குடலில் பசைபோலக் குழைந்து சத்து உறிஞ்சுவதைத் தடுக்கிறது. எச்சம் ஒட்டும், கூளம் நனையும். நொதி அந்தப் பசையை அறுக்கிறது. தீவனம் மக்காச்சோளத்தையும் சோயாவையும் நம்பியிருந்தால் பலன் சிறிதாகவே இருக்கும்.

குச்சித் தீவனம் தயாரிப்பவர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். ஆவியில் 80 டிகிரிக்கு மேல் போகும் இயந்திரத்தில் பூச்சில்லாத நொதியும் லாக்டோபேசிலசும் ஈஸ்டும் தாங்காது. வித்து உருவாக்கும் பேசிலஸ் வகைகள் தாங்கும். உயிருள்ள ஈஸ்டைச் சூட்டில் அழுத்திச் செத்த ஈஸ்டாக்கி மாட்டுக்குக் கொடுத்துவிட்டு 'ஈஸ்ட் பயன்படவில்லை' என்று சொல்வது ஈஸ்டின் குற்றமில்லை.

மூலிகைகள்

எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான். அதனாலேயே இவற்றைக் கூடுதல் கண்டிப்போடு பார்க்கிறேன்.

ஓரிகானோவிலும் ஓமத்திலும் உள்ள கார்வக்ரால், தைமால், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை கிருமியின் மென்படலத்தைக் கிழிக்கின்றன. இதில் ஐயமில்லை. சிக்கல் மூன்று இடங்களில் வருகிறது. செடியின் எண்ணெய் அளவு வகையையும் மண்ணையும் அறுவடைக் காலத்தையும் பொறுத்துப் பல மடங்கு மாறுகிறது. ஒரு மூட்டையில் வேலை செய்தது அடுத்த மூட்டையில் செய்யாமல் போவது இதனால்தான். இரண்டாவது, கிழிக்கும் எண்ணெய்க்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பாகுபாடு அவ்வளவாகத் தெரியாது. பெருவயிற்றில் அளவு மீறினால் நாரைச் செரிக்கும் கூட்டமே அடிபடும். மூன்றாவது, பெருவயிற்று நுண்ணுயிர்கள் சில வாரங்களில் எண்ணெய்க்குப் பழகிக்கொள்கின்றன. முதல் வாரத்தில் தெரிந்த மாற்றம் இரண்டாம் மாதத்தில் காணாமல் போகலாம்.

பூண்டின் கதை இன்னும் நுட்பமானது. முழுப் பல்லில் அல்லிசின் கிடையாது. நசுக்கும்போதுதான் ஒரு நொதி அதை உண்டாக்குகிறது, உண்டானது நெடுநேரம் நிலைப்பதில்லை. உலர்த்தி, அரைத்து, மாதக்கணக்கில் அடுக்கி வைத்த பூண்டுப் பொடியில் எவ்வளவு மிச்சம் என்பது தயாரித்த விதத்தைப் பொறுத்தது. மஞ்சளில் குர்குமின் நூற்றில் இரண்டு முதல் ஐந்து பங்கு வரைதான். அது குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே போகிறது. குடலுக்குள் நடக்கும் அழற்சிக்கு அது உதவலாம். தீவனத்தில் மஞ்சள் கலந்து மடிநோயை ஆற்றிவிடலாம் என்று காத்திருந்தால் மடி கெட்டுப்போகும். வெந்தயம் பசியைத் தூண்டும், கூடவே தன் மணத்தைப் பாலிலும் ஏற்றும். மணமுள்ள எதையும் கறப்பதற்கு முன்னால் கொடுக்காதீர்கள், கறந்த பிறகு கொடுங்கள். வெங்காயத்தைக் கழிவாகக் கிடைக்கிறதே என்று மாட்டுக்கு அள்ளிப் போடக் கூடாது. அதன் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களை உடைக்கும். மாடும் குதிரையும் இதற்கு எளிதில் பலியாகும், செம்மறியும் ஆடும் ஓரளவு தாங்கும். இயற்கையானது என்பதால் அது மென்மையாக நடந்துகொள்வதில்லை.

எங்கே மூலிகையைத் தேர்ந்தெடுப்பேன்? இறைச்சிக் கோழியில், எண்ணெயின் அளவு குறிப்பிட்டு நிலைப்படுத்திய தயாரிப்பை, குடலைக் காக்கும் துணையாக. ரத்தக்கழிச்சல் தொந்தரவு உள்ள பண்ணையில் ஓரிகானோ கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும், ஆனால் தடுப்பூசியின் இடத்தையும் ஈரமில்லாத கூளத்தின் இடத்தையும் அதனால் நிரப்ப முடியாது. பத்துப் பதினைந்து மூலிகைப் பெயர்களை அடுக்கி எதிலும் அளவு குறிப்பிடாத கலவையை நான் வாங்க மாட்டேன்.

டானின்: மேய்ச்சல் ஆட்டின் துணை

வெளியே மேயும் ஆடும் செம்மறியும் வைத்திருப்பவருக்கு மூட்டையில் வரும் எதையும்விடத் தழையில் வரும் டானின் மேல். இலையின் துவர்ப்புதான் அது. செறிந்த டானின் உள்ள தழையை ஆடு தின்னும்போது அது தீனியின் புரதத்தைப் பெருவயிற்றில் கட்டிக்கொள்கிறது. நுண்ணுயிர்கள் அதை வீணாக அம்மோனியாவாக்குவது குறைகிறது. நான்காம் வயிற்றின் கடும் அமிலத்தில் கட்டு அவிழ்ந்து புரதம் விலங்குக்கே கிடைக்கிறது. இளம் பயறுவகைப் புல்லை மேய்ந்து வயிறு உப்பும் தொல்லையையும் டானின் உள்ள தீவனச் செடிகள் தருவதில்லை.

இன்னொரு பலன் அதைவிடப் பெரியது. ஹீமாங்கஸ் என்ற ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு உலகின் பல பகுதிகளில் குடற்புழு மருந்துகளுக்குக் கட்டுப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது. செரிசியா லெஸ்பெடீசா, சைன்ஃபாயின் போன்ற டானின் செடிகளைத் தின்ற ஆடுகளின் சாணத்தில் புழுமுட்டைகள் குறைவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. புழு முற்றாக ஒழியாது. மருந்து கொடுக்க வேண்டிய தடவைகள் குறையும். தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா என்ற நிற அட்டையோடு ஒப்பிட்டுக் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்த்து, வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுத்து, மற்றவற்றுக்குத் துவர்த் தழை கொடுப்பது நல்ல கூட்டு. மருந்தின் வீரியம் நீண்ட நாள் நிற்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அளவுதான் இங்கே எல்லாம். உலர் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரை டானின் உதவுகிறது. ஐந்து ஆறைத் தாண்டினால் விலங்கு குறைவாகத் தின்னும், செரிமானம் விழும். ஆட்டின் உமிழ்நீரில் டானினைக் கட்டும் புரதம் உண்டு. மாடு அவ்வளவு தாங்காது. ஓக் இலையிலும் காயிலும் உள்ள வேறு வகை டானின் மாட்டின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றிருக்கிறது. வேலியோரத் தழையை வெட்டிக் கலவையில் சேர்க்கும் முன் அது எந்த மரம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

களிமண், கடற்பாசி, மற்றவை

ஈரம் பட்ட தானியத்தில் அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இருந்தால் பென்டோனைட் களிமண் அதைக் குடலிலேயே கட்டிக்கொள்கிறது. மாடு தின்ற நச்சின் ஒரு பகுதி எம்1 என்ற வடிவில் பாலுக்கு வருவதால் இது குடிப்பவரின் நலத்தையும் தொட்ட விஷயம். வேறு பூஞ்சை நச்சுகளுக்கு, குறிப்பாகக் குளிர்நாட்டுத் தானியங்களில் வரும் டியாக்சினிவேலனாலுக்கு, பென்டோனைட் அநேகமாக உதவாது. எந்த நச்சு என்று பரிசோதிக்காமல் களிமண் போடுவது இருட்டில் அம்பு விடுவது. தானியத்தை 13 விழுக்காட்டு ஈரத்துக்கு உலர்த்திச் சேமிப்பது எந்தக் களிமண்ணையும்விட மலிவு.

அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி மீத்தேனை வெகுவாகக் குறைக்கிறது. அதில் உள்ள புரோமோஃபார்ம் மீத்தேன் உருவாகும் கடைசிப் படியைத் தடுக்கிறது. மாடு தின்னும் ஆற்றலில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை மீத்தேனாகப் போகிறது என்பதால், மிச்சமாகும் ஆற்றல் பாலாக வரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அது எப்போதும் அப்படி வருவதில்லை. கடற்பாசியின் அயோடின் பாலில் ஏறும் என்பதையும் பார்க்க வேண்டும். பூமிக்காக இது முக்கியமான ஆராய்ச்சி, தனி ஒரு பண்ணையாளர் இன்று தன் கைக்காசில் வாங்க வேண்டிய பொருளாக நான் இதைக் கருதவில்லை.

ஆப்பிள் வினிகர், குடற்புழுவுக்கு டயட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த மண்) ஆகிய இரண்டுக்கும் ஆதரவாளர்கள் அதிகம், ஆதாரம் குறைவு. மரக்கரி நச்சுண்ட விலங்குக்கு மருத்துவர் கொடுக்கும் அவசர மருந்து. தினமும் கொடுத்தால் சத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகும்.

தாது உப்புக் கலவையைப் பற்றி ஓர் எச்சரிக்கை: மாட்டுக்கான கலவையைச் செம்மறிக்குக் கொடுக்காதீர்கள். மாட்டுக்குத் தேவையான அளவு தாமிரம் செம்மறியின் கல்லீரலில் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒருநாள் திடீரென்று கொல்லும்.

சோதித்துப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். ஈஸ்டும் மூலிகையும் புதுப் பசுந்தீவனமும் ஒரே வாரத்தில் வந்தால் பால் கூடியதற்கு எதைப் பாராட்டுவது? கறவை மாடுகளை ஈன்ற காலமும் பாலளவும் ஒத்திருக்கும்படி இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பொருளைக் கொடுத்து மற்றதற்குக் கொடுக்காமல் நான்கு வாரம் பாருங்கள். முதல் இரண்டு வாரங்களைக் கணக்கில் எடுக்காதீர்கள், பெருவயிறு பழக அவ்வளவு நாள் ஆகும். பிறகு குழுக்களை மாற்றிப் போட்டு இன்னொரு நான்கு வாரம். பாலளவு, கொழுப்பு, தொட்டியில் மிஞ்சிய தீனி, சாணத்தில் செரிக்காமல் வரும் தானியம் ஆகிய நான்கையும் எழுதி வைத்தால் போதும். கோழிக்கு இன்னும் எளிது: கொட்டிலை இரண்டாகத் தடுத்து, தின்ற தீவனத்தையும் ஏறிய எடையையும் தனித்தனியே நிறுக்க வேண்டும்.

சோதனைக் காலத்தில் ஒரு மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் சிகிச்சை கொடுக்க நேர்ந்தால் அதைக் கணக்கிலிருந்து விலக்குங்கள். மருந்து, புரோபயாடிக் பாக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். சிகிச்சை முடிந்தபின் அதைத் தொடங்குவதே பயன்.

எட்டு வாரமும் முடிந்து, எழுதிய எண்கள் பொருளின் பக்கம் சாய்ந்திருந்தால், அதையும் ஒருமுறை முழுதாக நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய மூன்றாம் வாரத்திலும் பால் இறங்கவில்லை, கொழுப்பு இறங்கவில்லை, சாணம் மாறவில்லை என்றால் அடுத்த மூட்டைக்குப் பணம் எடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் வைக்கோல் வாங்கலாம், தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கலாம். பால் கறக்கும் மாட்டுக்கு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் மூன்று லிட்டருக்கும் குறையாமல் தண்ணீர் வேண்டியிருக்கிறது.